வரலாறு பின்னணித் திரை அன்று

பொருளியல் முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு எழுதப்படாத ஓர் இலக்கணம் உண்டு. இரண்டாம் இயலில் 'வரலாற்றுப் பின்னணி' என்று பத்துப் பக்கங்கள் இடம்பெறும். மூன்றாம் இயலில் கணித மாதிரி வந்ததும் வரலாறு விடைபெற்றுக்கொள்ளும். அப்பக்கங்களை நீக்கினாலும் முடிவுரையில் ஒரு சொல்லும் மாறாது. வரலாற்றை வாதத்தின் உறுப்பாகவே ஆக்க முனையும் மாணவரிடமோ, "இது பொருளியலா, கதையா?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியே பிழையானது.

1943ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சத்தை எடுத்துக்கொள்வோம். உணவுப் பற்றாக்குறையே அதற்குக் காரணம் என்ற விளக்கம் நெடுங்காலம் நிலவியது. அமர்த்தியா சென் 1981இல் வெளியிட்ட 'வறுமையும் பஞ்சங்களும்' நூலில் அதை மறுத்தார். அவர் கணக்கின்படி, 1943இன் உணவு இருப்பு முந்தைய ஐந்தாண்டுச் சராசரியைவிட ஏறத்தாழ 5 விழுக்காடே குறைவு. பஞ்சமே இல்லாத 1941ஐவிட 13 விழுக்காடு மிகுதி.

அப்படியாயின் மாண்டவர் யார், ஏன்? ஒருவரின் உழைப்புக்கும் உடைமைக்கும் ஈடாக எவ்வளவு உணவு கிடைக்கும் என்று கோட்பாடு கேட்டது. விடையை வரலாறு தந்தது. போர்ச் செலவால் கல்கத்தாவில் பணப்புழக்கம் பெருகியது. அரிசி விலை ஏறிய வேகத்தில் உழவுக் கூலி ஏறவில்லை. ஜப்பானியப் படையெடுப்புக்கு அஞ்சிய அரசு 1942இல் படகுகளைப் பறித்ததால் மீனவர் பிழைப்பிழந்தனர். கோட்பாடு இல்லையேல் இவை துயரச் செய்திகளின் குவியல். வரலாறு இல்லையேல் கோட்பாடு வெறும் வாய்பாடு.

"ஒரு நிகழ்வைக் கொண்டு பொதுமைப்படுத்தலாமா?" என்பர். அதே நூலில் எத்தியோப்பியா, சாகேல், வங்கதேசப் பஞ்சங்களிடமும் அதே கேள்வியைச் சென் கேட்டார். அவருடைய விளைச்சல் கணக்கை மறுத்தோரும் உளர். அவர்களும் பழைய ஆவணங்களைப் புரட்டியே மறுத்தனர். சரிபார்க்கவும் மறுக்கவும் இடம் தருவதே அறிவியல் எனில், இது அறிவியலே.

மாதிரி என்றாலே முகம் சுளிக்கும் வரலாற்றாசிரியர்களும் இதில் தப்ப முடியாது. "போரினால் பஞ்சம் வந்தது" என்று எழுதும்போதே ஒரு கோட்பாடு உள்ளே நுழைந்துவிடுகிறது. அதை வெளிப்படையாகச் சொல்லாததால் எவராலும் சோதிக்க இயலவில்லை, அவ்வளவே.

எனவே, முனைவர் பட்டப் பாடத்திட்டத்தில் பொருளியல் அளவையியலுக்கு இணையாக ஆவணக்காப்பகப் பயிற்சியும் கட்டாயமாக வேண்டும். தேர்வாளர்கள் ஒன்றைக் கேட்கட்டும்: வரலாற்றை நீக்கினால் வாதம் நிற்குமா? நிற்குமெனில் நீக்கிவிடுங்கள். விழுமெனில், அதைப் பின்னணி என்று அழைப்பதை நிறுத்துங்கள்.