மரத்தடியில் ஒரு புதையல்

ஐந்து வெள்ளி நோட்டைத் திருப்பிப் பாருங்கள். அதில் இருப்பது பூமலையில் நிற்கும் தெம்புசு மரம். 1999 முதல் நம் சட்டைப்பைக்குள் இருக்கும் அந்த மரத்தை நேரில் சென்று பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

தேசியப் பூங்காக் கழகம் 2001ஆம் ஆண்டு ‘மரபுடைமை மரங்கள்’ திட்டத்தைத் தொடங்கியது. அடிமரத்தின் சுற்றளவு 5 மீட்டருக்கு மேல் இருக்கும் மரங்களும், அரிய வகை மரங்களும், வரலாற்றோடு தொடர்புடைய மரங்களும் இதில் இடம்பெறலாம். பொதுமக்களும் பரிந்துரை செய்யலாம். நல்ல திட்டம்தான். ஆனால், ஒரு பெயர்ப்பலகை மரத்தைக் காப்பாற்றலாமே தவிர, அவசரமாக நடப்பவரை நிற்க வைக்காது.

நிற்க வைக்கும் விளையாட்டு ஒன்று உண்டு. அதன் பெயர் ஜியோகேச்சிங். 2000ஆம் ஆண்டு மே 2ஆம் தேதி, ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே வைத்திருந்த பிழையை அமெரிக்க அரசு நீக்கியது. மறுநாளே ஆரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியை மறைத்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் வெளியிட்டார். இன்று உலகெங்கும் இத்தகைய பெட்டிகள் 30 லட்சத்துக்கும் மேல் உள்ளன. கண்டுபிடிப்பவர் உள்ளே இருக்கும் தாளில் பெயரெழுதி, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். சிங்கப்பூர்ப் பூங்காக்களிலும் இதைத் தேடுவோர் உண்டு.

“பழைய மரத்தடியில் கூட்டம் கூடினால் மரத்துக்குக் கேடுதானே?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஓயாமல் மிதிபட்டால் மண் இறுகும். வேருக்குக் காற்றும் நீரும் குறையும். பொந்தில் கைவிடுவதும் ஆணி அடிப்பதும் அதைவிட மோசம். இன்னொரு குறையும் உண்டு. பெட்டியைத் தேடுபவர் பெட்டியை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடலாம்.

இரண்டுக்கும் விடை அந்த விளையாட்டிலேயே இருக்கிறது. பெட்டியை மரத்தில் வைக்கவே வேண்டாம். மரத்தின் பெயர்ப்பலகையைப் படித்து, அதிலுள்ள விவரங்களைக் கொண்டு கணக்குப் போட்டால்தான் பெட்டி இருக்கும் இடம் தெரியும் என்று அமைக்கலாம். பூங்காவைப் பராமரிப்போரிடம் அனுமதி பெற்று, பெட்டியைச் சற்றுத் தள்ளி ஓர் இருக்கையருகே வைக்கலாம். அப்போது மரத்தை யாரும் தொடமாட்டார்கள். ஆனால் எல்லோரும் பார்ப்பார்கள்.

இதில் தமிழ் மாணவர்களாகிய நமக்கு என்ன வேலை? ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் அறிமுகக் குறிப்பு எழுத வேண்டும். அதை நாம் தமிழிலும் எழுதலாமே! ‘தேக்கா’ என்று நாள்தோறும் சொல்கிறோம். தேக்கு மரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. ‘மூங்கிலடி’ என்று பொருள்படும் சீனச் சொல் அது. ரோச்சோர் கால்வாயோரம் ஒரு காலத்தில் மூங்கில் வளர்ந்தது. 1859இல் டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் எழுவதற்கு முன், அங்கிருந்த குளக்கரையில் அரசமரத்தடியில் வேலை வைத்து வழிபட்டார்கள். அந்த மூங்கிலும் அந்தக் குளமும் இன்றில்லை. கதையும் மறைந்துவிட்டால், மிஞ்சுவது பேருந்து நிறுத்தத்தின் பெயர் மட்டுமே.

தலத்துக்கொரு மரம் என்று வைத்துப் போற்றிய மரபு நம்முடையது. அடுத்த விடுமுறையில் ஒரு மரத்தைத் தேர்ந்தெடுப்போம். அதன் கதையைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுவோம். தேடி வருபவர் எந்த இனத்தவராக இருந்தாலும் சரி, அந்த மரத்தடியில் தமிழும் அவர் கண்ணில் படட்டும்.