பொன்மலையின் கைகள்

தில்லை நகரில் மாலைதோறும் பயிற்சி வகுப்புகளுக்கு விரையும் பிள்ளைகளைக் காண்கிறோம். கைவேலைக்குப் போய்விடலாகாது என்பதே பெற்றோர் பலரின் கவலை.

அன்பார்ந்த பெற்றோரே, இதே ஊரிலுள்ள பொன்மலையைச் சற்று எண்ணுங்கள். 1928 முதல் இயங்கும் அந்த ரயில்வே பணிமனையில்தான், முன்பு சுவிட்சர்லாந்திலிருந்து வந்த நீலகிரி மலை ரயிலின் நீராவி எஞ்சின், 2011-இல் புதிதாகச் செய்யப்பட்டது. பன்னிரண்டடிக்கு ஓரடி உயரும் செங்குத்தான பாதை அது! சக்கரத்தின் பல் தண்டவாளத்தின் பல்லைத் தவறாது கவ்வ வேண்டும். அங்கே கை வேறு, அறிவு வேறு என்று யார் பிரிப்பார்? பட்டமும் பதவியும் பெற்று, செய்யும் வேலையில் சுவை காணாதோரையும் நாம் அறிவோம்.

வேலையின் மதிப்பு அதன் வகையிலன்று, அதைச் செய்யும் மனிதனிடமே உள்ளது என்று திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981-இல் தம் சுற்றுமடலில் விளக்கினார். ஆயினும், தந்தையின் தொழிலைப் பள்ளியில் சொல்லக் கூசும் பிள்ளைக்கு அக்கூச்சத்தைக் கற்பித்தவர் யார்?