மாலை வேண்டா, முகவரி வேண்டும்

வெளிநாடு செல்லும் நண்பனுக்கு நம் சங்கம் வழியனுப்பு விழா நடத்துகிறது. மாலை இடுகிறோம், "சென்று வென்று வா" என்று வாழ்த்துகிறோம், சுற்றி நின்று படம் எடுத்துக்கொள்கிறோம். சென்று இறங்கும் ஊரில் முதல் இரவு அவன் எங்கே தலை சாய்ப்பான் என்று எவரும் கேட்பதில்லை. வாழ்த்து வேண்டியதுதான். ஆனால் முதல் பத்து நாளில் அவனுக்குப் பயன்படுவது வாழ்த்தன்று, ஒரு முகவரி.

இதை ஏட்டில் படித்து எழுதவில்லை. மதுரையிலிருந்து தில்லிக்கு வந்து இயற்பியல் முதுகலை பயிலும் நான், சென்ற ஆண்டு ஒரு பருவம் பெர்லினில் படித்து வந்தேன். ஏறத்தாழ 37 இலட்சம் மக்கள் வாழும் நகரம் அது. நிலத்துக்கு அடியில் ஒரு தொடர்வண்டி, தலைக்கு மேல் ஒரு தொடர்வண்டி, தெருவில் டிராம். நம் தில்லி மெட்ரோவில் இருப்பதுபோல் அங்கே நிலையங்களில் தடுப்புக் கதவு இல்லை. ஆனால் தாள் சீட்டை வாங்கினால் மட்டும் போதாது. பொறியில் முத்திரையும் இட வேண்டும். தவறினால் 60 யூரோ தண்டம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் திறப்பதில்லை. சனிக்கிழமையே அரிசி வாங்கி வைக்காதவன் பாடு திண்டாட்டம். இவையெல்லாம் இரண்டு நாளில் பழகிப்போகும் சிறு தொல்லைகள்.

பெருந்தொல்லை வேறு. குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் முகவரியை அரசு அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். அதற்கு வீட்டுக்காரரின் உறுதிச்சீட்டு வேண்டும். வங்கியோ பெரும்பாலும் அந்தப் பதிவுச் சான்றையே கேட்கும். பட்டப் படிப்புக்குச் செல்வோர் பலர், 2024 செப்டம்பர் முதல், ஆண்டுக்கு 11,904 யூரோவைப் பூட்டிய கணக்கு ஒன்றில் முன்னரே கட்ட வேண்டியுள்ளது. மாதம் 992 யூரோதான் வெளியே வரும். அதுவும் அங்கே ஒரு வங்கிக் கணக்குத் திறந்த பின்னரே கைக்கு வரும். ஆகவே அறை இல்லையேல் பதிவு இல்லை. பதிவு இல்லையேல் கணக்கு இல்லை. கணக்கு இல்லையேல், தந்தை கடன்பட்டுக் கட்டிய பணம் இருந்தும் கையில் காசு இல்லை. கையில் காசு இல்லாதவனுக்கு அறை கொடுப்பவர் யார்?

இந்த முடிச்சை நன்கு அறிந்தவர்கள் மோசக்காரர்கள். அறை தருவதாக எனக்கு எழுதிய ஒருவர், தாம் வெளியூரில் இருப்பதாகவும், இரண்டு மாத வாடகையை அனுப்பினால் சாவியை அஞ்சலில் அனுப்புவதாகவும் கூறினார். நான் அனுப்பவில்லை. வேறு மாநிலத்திலிருந்து வந்திருந்த மாணவர் ஒருவர், அதே போன்ற கடிதத்தை நம்பி அனுப்பிவிட்டார். சாவி வரவே இல்லை. எனக்கு அவரைவிட அறிவு மிகுதி என்பதா? இல்லை. "அறையைக் கண்ணால் காணாமல் காசு கொடுக்காதே" என்று, முன்பே சென்றுவந்த அக்கா ஒருவர் எனக்கு ஒரு வரி எழுதியிருந்தார். எங்கள் இருவருக்கும் இருந்த வேறுபாடு அந்த ஒரு வரிதான்.

இன்னொரு வரியைச் சொன்னவர் மளிகைக் கடை நடத்தும் ஈழத்துப் பெரியவர். 1980களில் ஈழத் தமிழர் பலர் கிழக்கு பெர்லினில் விமானம் விட்டு இறங்கி, மேற்கு பெர்லினுக்குள் தஞ்சம் புகுந்தனர். அவர்களுள் ஒருவர் அவர். "தம்பி, தபால் பெட்டியிலை பேர் ஒட்டிப்போட்டீங்களோ?" என்பதே அவர் என்னைக் கேட்ட முதற் கேள்வி. அங்கே அடுக்குமாடிகளில் பொதுவாக வீட்டு எண் எழுதுவதில்லை. பெட்டியில் பெயர் இல்லையேல் கடிதம் திரும்பிவிடும். அதிலும் நமக்கு ஒரு சிக்கல். தந்தையின் பெயரை முதலெழுத்தாகச் சுருக்கும் நாம், கடவுச்சீட்டில் அதையே குடும்பப் பெயராக எழுதுகிறோம். அலுவலகக் கடிதங்கள் எல்லாம் என் தந்தையின் பெயருக்கே வந்தன! இரண்டு பெயரையும் ஒட்டச் சொன்னார் பெரியவர். பல்கலைக்கழகக் கடிதமும் உதவித்தொகையும் இன்றி வந்து இறங்கியவர், அவ்விரண்டும் உடைய எனக்கு வழி காட்டினார்.

"கடல் கடந்தும் தமிழரையே தேடுவதா?" என்று சில நண்பர்கள் கேட்பர். நியாயமான கேள்வி. படிப்பு முடியும்வரை நம்மவரோடே உண்டு, நம்மவரோடே பேசித் திரும்புகிறவன் தட்பவெப்பத்தை மாற்றினானே ஒழிய நாட்டைக் காணவில்லை. பெர்லினில் 1926 இல் டாக்டர் பட்டம் பெற்ற ஜாகிர் உசேனும், அங்கே ஆய்வு மேற்கொண்ட ராம் மனோகர் லோகியாவும் அப்படிப் படித்துத் திரும்பியவர்கள் அல்லர். ஆனால் முதல் வாரத்தில் கைகொடுப்பது வேறு. ஆண்டு முழுதும் கூட்டுக்குள் அடைவது வேறு. ஒண்ட இடம் கிடைத்தவனுக்குத்தான் ஊரைப் பார்க்கக் கண் இருக்கும்.

ஆகவே சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். சென்றுவந்தோர் ஒவ்வொருவரும் தம் நகரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரட்டும். அவற்றை ஊர்வாரியாகத் தொகுத்துச் சங்க அறையில் வைப்போம். போக நினைப்போர் ஆறு மாதம் முன்பே அந்நாட்டு மொழியைத் தொடங்கட்டும். ஜெர்மன் கற்க இந்நகரிலேயே மாக்ஸ் முல்லர் பவன் இருக்கிறது. மூன்றாவது, கடல் கடவாதது. சேலத்திலிருந்தும் நெல்லையிலிருந்தும் இந்தி அறியாமல் தில்லி நிலையத்தில் வந்து இறங்கும் தம்பி தங்கையரும் முதல் வாரத்தில் இதே தவிப்பைத்தான் அடைகின்றனர். இந்தச் சேர்க்கைப் பருவத்தில் நம்முள் பத்துப் பேர் முறைவைத்து நிலையத்துக்குச் செல்வோம். என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். மீதி ஒன்பது பேர் யார்?