அம்மாவுக்கு நோவு இல்லை

நான் பார்த்த முதல் வேலையின் ஆயுள் 73 நாள்.

பி.காம். முடித்த கையோடு ஒரு தனியார் நிதி நிறுவனத்தில் கணக்கு எழுதப் போனேன். முதல் வாரம் 'தம்பி' என்றார்கள். மூன்றாம் வாரம் 'தம்பிக்கு ஊருக்குள்ளயா, காலனியா?' என்றார்கள். சொன்னேன். மறுநாளிலிருந்து என் டீ மட்டும் பேப்பர் கப்பில் வந்தது. மற்றவர்களுக்குக் கண்ணாடி கிளாஸ். வசூல் பணம் எண்ணுகிற மேசையிலிருந்தும் என்னை எடுத்தார்கள். ஏன் என்று கேட்டேன். 'கஸ்டமருங்க ஒரு மாதிரி பேசுவாங்க, புரிஞ்சுக்க' என்று மேலாளர் சிரித்தார். 73ஆம் நாள் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டு வெளியேறினேன்.

2013இல் வங்கி எழுத்தர் வேலைக்கு நேர்முகம். அப்போது எழுத்தருக்கும் நேர்முகத் தேர்வு இருந்தது. 'ரெண்டரை மாசத்துல ஏன் விட்டீங்க?' என்று கேட்டார்கள். மாமா சொல்லிக்கொடுத்தபடி ஒப்பித்தேன்: 'அம்மாவுக்கு உடம்பு சரியில்ல சார்.'

அந்த நேரத்தில் என் அம்மா இடுப்பொடிய நாற்று நட்டுக்கொண்டிருந்தாள். என்னை ஒதுக்கி வைத்தவனின் மானத்தைக் காப்பாற்ற, பெற்றவளை நோயாளியாக்கினேன். வேலை கிடைத்தது. பொய்யும் கூடவே வந்து உட்கார்ந்துகொண்டது.

தோழர்களே, யாருடைய குற்றத்தை யார் மறைக்கிறோம்? விண்ணப்பத்தில் 'விலகியதற்கான காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை நாம்தான் நிரப்ப வேண்டும். 'சேரிப் பிள்ளைகள் உங்களிடம் ஏன் நிலைப்பதில்லை' என்று நிறுவனத்தைக் கேட்கிற கட்டம் எந்தத் தாளிலும் இல்லை. துரத்தியவனுக்குப் பெயர் முதலாளி. துரத்தப்பட்டவனுக்குப் பெயர் 'ஒரு எடத்துல நிக்காதவன்'.

கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917இல் பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குப் போனார் அண்ணல் அம்பேத்கர். தங்க இடம் தர ஆளில்லை. பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்கினார். 11ஆம் நாள் தடிகளோடு வந்து நின்றார்கள். மாலைக்குள் காலி செய் என்றார்கள். பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய் திரும்பினார். அடுத்த ஆண்டே, 1918இல், சிடென்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார். பரோடாவைத் தன் தோல்வியாக அவர் மூடி வைக்கவில்லை. 18 ஆண்டு கழித்தும் ஆறவில்லை என்று கைப்பட எழுதி வைத்தார். அந்த எழுத்து பரோடாவின் மீதான குற்றப்பத்திரிகை.

'அப்ப இன்டர்வியூல சாதிக் கொடுமைன்னு போட்டு உடைக்கச் சொல்றியா?' என்று சில தோழர்கள் கேட்பார்கள். அதைச் சொல்லவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவனும் அதே தெருக்காரனாக இருக்கலாம். அவனிடம் எல்லாவற்றையும் கொட்டவேண்டிய கடன் நமக்கில்லை. மௌனம் வேறு, பொய் வேறு. மௌனம் நம் உரிமை. பொய் அவனுக்கு நாம் கட்டுகிற வரி.

வேலை தேடும் தம்பி தங்கைகளே! நீங்களாக எழுதும் பயோடேட்டாவில் ரெண்டு மூணு மாச வேலையை விட்டுவிடலாம். அது பொய்யாகாது. படிவம் 'முந்தைய வேலைகள் அனைத்தும்' என்று கேட்டால் எழுதிவிடுங்கள். மறைத்தது பின்னால் தெரிந்தால் கிடைத்த வேலைக்கே ஆபத்து. 2014இலிருந்து வருங்கால வைப்பு நிதிக்கு ஆளுக்கு ஒரே எண்தான். பி.எஃப். பிடித்த கம்பெனி எல்லாம் அதில் வரிசையாக நிற்கும். நியமன ஆணை, சம்பளச் சீட்டு, ராஜினாமாக் கடித நகல் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். ஏன் விட்டாய் என்று கேட்டால், 'அங்க இன்னின்ன வேலை கத்துக்கிட்டேன், சூழ்நிலை ஒத்துவரல, முறைப்படி விலகிட்டேன்' என்று சொல்லுங்கள். அவ்வளவு போதும். திட்டவும் வேண்டாம், குழையவும் வேண்டாம். நிமிர்ந்து உட்கார்ந்து அடுத்த கேள்வியைக் கேளுங்கள்.

முழுக்கதையையும் சொல்ல நமக்கு வேறு இடங்கள் இருக்கின்றன. சங்கம் இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது, இந்தப் பக்கங்கள் இருக்கின்றன. இங்கே நாள், நேரம், டீ வந்த கப் எல்லாவற்றையும் எழுதுங்கள்.

எனக்கு இதை எழுதப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. என் அம்மாவுக்கு அன்றைக்கு ஒரு நோவும் இல்லை. நோவு அந்த அலுவலகத்துக்கு.