கோபுரத்துக்கு அஞ்சுகிறோம், காதோரம் இருப்பதை மறக்கிறோம்!

ஊரில் செல்போன் கோபுரம் வரப்போகிறது என்று செய்தி கிடைத்தால் போதும். "புற்றுநோய் வந்துவிடும்" என்று மனு எழுதக் கிளம்பிவிடுகிறோம். மனுவுக்கு ஆள் திரட்டுவது எப்படி? செல்போனைக் காதில் அழுத்திக்கொண்டுதான்! நம் அபிராமம் மட்டும் இதற்கு விதிவிலக்கா என்ன?

சகோதரர்களே! உண்மையை நிதானமாகப் பார்ப்போம்.

செல்போன் கதிர்வீச்சு எக்ஸ்ரே போன்றது அல்ல. உடலின் அணுக்களைச் சிதைக்கும் வலிமை அதற்கில்லை. 2011-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு மையம் இதை 'புற்றுநோயை உண்டாக்கும் சாத்தியம் உள்ளவை' என்ற பட்டியலில் வைத்தது. அதே உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டதன் பேரில் செய்யப்பட்டு 2024-ல் வெளியான ஆய்வுத் தொகுப்போ, செல்போனுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு காணப்படவில்லை என்றது. ஆகவே பீதி வேண்டாம். அதற்காக அலட்சியமும் வேண்டாம். காசு செலவில்லாத எச்சரிக்கையை ஏன் விட வேண்டும்?

தூரம் கூடக் கூடக் கதிர்வீச்சு வேகமாகக் குறையும். தெருமுனைக் கோபுரத்தை விட, காதில் ஒட்டிய போனிலிருந்தே நம் தலைக்கு அதிகம் வருகிறது. சிக்னல் குறைந்தால், எட்டாத கோபுரத்தை எட்டுவதற்காகப் போன் தன் சக்தியைக் கூட்டிக்கொள்ளும். கோபுரத்தை ஊருக்கு வெளியே விரட்டினால் இதுதான் நடக்கும்!

செய்ய வேண்டியது எளிது. வெளிநாட்டிலிருக்கும் பிள்ளையிடம் மணிக்கணக்கில் பேசும் தாய்மார்கள் ஸ்பீக்கரில் பேசட்டும். கடையில் நாள் முழுக்க ஆர்டர் எடுப்பவர்கள் இயர்போன் மாட்டிக்கொள்ளட்டும். சிக்னல் ஒரு கோடு மட்டும் காட்டினால் வாசலுக்கு வந்து பேசுங்கள். சுருக்கமான செய்தியை எழுதி அனுப்புங்கள். இரவில் தலையணைக்கடியில் போன் வேண்டாம். குழந்தைகளின் காதில் நீண்ட நேரம் வைக்காதீர்கள்.

புதிய போன் வாங்குமுன் *#07# என்று தட்டிப் பாருங்கள். பல போன்களில் 'சார்' அளவு தெரியும். 2012 செப்டம்பர் 1 முதல் நம் நாட்டில் இதற்கான உச்சவரம்பு கிலோவுக்கு 1.6 வாட்.

செல்போன் கடை வைத்திருக்கும் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. 'கதிர்வீச்சைத் தடுக்கும்' என்று ஸ்டிக்கரும் சிப்பும் வருகின்றன. அவற்றால் பயன் இல்லை. போனின் ஒரு பகுதியை மட்டும் மறைத்தால் மற்ற பகுதி வழியே கதிர்வீச்சு வந்துகொண்டுதான் இருக்கும். சிக்னல் தடைபட்டால் போன் இன்னும் அதிகச் சக்தியை வெளியிடக்கூடும். அமெரிக்க அரசின் வணிகக் கண்காணிப்பு ஆணையமே இப்படி எச்சரித்திருக்கிறது. மக்களின் அச்சத்தைக் காசாக்குவது வியாபாரமா, மோசடியா? நீங்களே சொல்லுங்கள்!

கோபுரத்தின் மீது சந்தேகமா? 2017-ல் மத்திய அரசு தொடங்கிய 'தரங் சஞ்சார்' இணையதளத்தில் கட்டணம் கட்டி அளக்கச் சொல்லுங்கள். வரம்பு மீறியிருந்தால் அந்த அளவீட்டைக் கையில் வைத்துக்கொண்டு போராடுவோம். ஆதாரத்தோடு போனால்தான் நம் பேச்சு எடுபடும்.

அதுவரை, காதிலிருந்து போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடியுங்கள்!