"செம மச்சான்" எண்டால் கருத்துச் சொன்னதாகுமா?

படம் எடுக்கிற கூட்டமொன்று எங்களிடம் இருக்கிறது. ஏழெட்டுப் பேர். இரண்டு பேரிடம்தான் கமரா, அதிலும் ஒன்று பாவிச்சதை வாங்கினது. மிச்ச எல்லாரிடமும் போன். சனிக்கிழமை பின்னேரங்களில் கூடி, அந்தக் கிழமை எடுத்த படங்களில் ஆளுக்கு மூன்றைக் காட்டுவோம். ஒராள் காட்டுவார், மற்றவர்கள் "செம மச்சான்", "வேற லெவல்" என்பார்கள், அடுத்த ஆள் காட்டுவார். பிறகு ரீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவோம். எல்லாருக்கும் சந்தோஷம். ஆனால் ஒரு வருசமாய் ஒருவருடைய படமும் முன்னேறவில்லை.

இது எங்கள் கூட்டத்தின் பிரச்சினை மட்டுமில்லை. கவிதை எழுதுகிறவர்கள், குறும்படம் எடுக்கிறவர்கள் என்று எங்கள் வயதில் ஏதாவது செய்து பார்க்கிற எல்லாரிடமும் இது இருக்கிறது. கலியாண வீட்டில் யார் எவ்வளவு தந்தது என்று கொப்பியில் எழுதி வைத்து, அவர்கள் வீட்டுக் கொண்டாட்டத்துக்கு அதே அளவு திருப்பிக் கொடுப்பது போல, பாராட்டையும் கணக்குப் பார்த்துத்தான் கொடுக்கிறோம். இந்தக் கிழமை உன்ர படத்தில பிழை சொன்னால் அடுத்த கிழமை என்ர படத்துக்கு வருமே எண்ட பயம்.

அதனால் ஒரு முடிவெடுத்தோம். "நல்லாயிருக்கு", "சரியில்லை" இரண்டும் தடை. முதலில் கண் எங்கே போனது, எங்கே தடக்குப்பட்டது, நீங்கள் எடுத்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்ற மூன்று கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் உண்மையாய்ப் படிக்கத் தொடங்கினோம். மத்தியானம் எடுத்த முகங்களில் கண் இரண்டும் ஏன் குழி விழுந்து கிடக்கின்றன என்று ஒருவர் கேட்டார். வெயில் உச்சியில் நிற்கும்போது புருவத்தின் நிழல் கண்ணில் விழுகிறது. ஆளை ஒரு வேப்ப மரத்தடிக்குக் கூப்பிட்டால் தீர்ந்துவிடுகிற விசயம். பண்ணையில் பின்னேர வானத்துக்கு முன்னால் நிற்கிற நண்பர்கள் ஏன் வெறும் நிழலுருவாய் வருகிறார்கள், மணற்காட்டு மணல் ஏன் சாம்பலாய் விழுகிறது என்ற இரண்டுக்கும் ஒரே பதில்தான். கமரா தான் காணும் வெளிச்சத்தையெல்லாம் சராசரியாக்கி நடுத்தரச் சாம்பலுக்குக் கொண்டுவரப் பார்க்கும், வெளிச்சம் கூடினால் படத்தை இருட்டாக்கும். போனில் முகத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டினால் பெரும்பாலும் சரிவரும்.

இலங்கைப் புகைப்படக்கலை என்றால் முதலில் வருகிற பெயர்களில் ஒன்று லயனல் வென்ட். 1900இல் பிறந்து 1944இல் இறந்தவர். சட்டம் படித்தார், பியானோ வாசித்தார், படம் எடுத்தார். 1943இல் ஓவியர்கள் சேர்ந்து '43 குழு'வைத் தொடங்கியதில் அவருக்குப் பெரிய பங்குண்டு. ஆசைக்குப் படம் எடுக்கிறது ஒரு குறைச்சலும் இல்லை. பார்த்துச் சொல்ல நல்ல கண்கள் பக்கத்தில் இருக்க வேணும், அவ்வளவுதான்.

ஆனால் எங்களை உண்மையில் தடக்கி விழுத்தியது வேறொன்று. எங்களில் ஒராள், கடற்கரையில் கருவாடு காயப்போடுகிற ஒரு அம்மாவைக் கறுப்பு வெள்ளையில் எடுத்து வந்தார். அன்றைக்கு எல்லாரும் ஒழுங்காய் விமர்சித்தோம். அடிவானம் சரிவு, இடப்பக்கக் கூடையை வெட்டு, இன்னும் கொன்ட்ராஸ்ட் கூட்டினால் முகத்துச் சுருக்கம் தெரியும், சோகம் வடிவாய் வரும் என்றெல்லாம் சொன்னோம். அவரும் கேட்டுத் திருத்தி, பெரிதாய்ப் பிரிண்ட் போட்டார். அதை அந்த அம்மாவிடமே கொடுக்கப் போனோம்.

அம்மா படத்தை வெளிச்சத்துக்குப் பிடித்துக் கனநேரம் பார்த்தா. "ஏன் மோனை, என்னை இப்பிடி நோய்க்காரி மாதிரி ஆக்கி வைச்சிருக்கிறாய்? நான் சிரிக்கேக்கையும் ஒண்டு எடுத்தனியெல்லோ, அதெங்க?"

எடுத்ததுதான். "போஸ் குடுக்கிற மாதிரி இருக்கு" என்று முதல் சுற்றிலேயே கழித்துவிட்டோம். அந்த முகத்தைப் பற்றி அரை மணித்தியாலம் கதைத்த எங்களில் ஒருவர்கூட, அவவுக்கு எந்தப் படம் பிடிக்கும் என்று யோசிக்கவில்லை. எங்களுக்குச் சோகம் தேவைப்பட்டது, அவவின் முகத்தில் அதைக் கூட்டிக்கொண்டோம்.

பெரியவர்களும் இதைத்தான் செய்திருக்கிறார்கள். ஸ்டீவ் மெக்கரி 1984இல் பாகிஸ்தான் அகதி முகாமொன்றில் எடுத்த 'ஆப்கான் சிறுமி' படம் அடுத்த வருசம் நேஷனல் ஜியோகிரபிக் அட்டையில் வந்து உலகம் முழுக்கப் போனது. அந்தச் சிறுமி ஷர்பத் குலா என்று தெரியவந்ததும், அவர் தன் படத்தை முதன்முதலாகப் பார்த்ததும் 2002இல்தான்.

படத்தின் பெறுமதி எங்கட சனத்துக்குத் தெரியாததில்லை. 1995 இடப்பெயர்விலும் பிறகு வன்னியிலும் அல்பங்களை விட்டுவிட்டு ஓடிய வீடுகள் எத்தனை. அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்து மாலை போட்டிருக்கிற சுவர்களை நாங்கள் எல்லாரும் கண்டிருக்கிறோம். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய காணாமலாக்கப்பட்டோரின் உறவுகளின் போராட்டத்தில் அம்மாமார் நெஞ்சோடு பிடித்திருப்பதும் படங்களைத்தான். அங்கே கமராவோடு போகிற எங்களைப் போன்றவர்கள் அழுகிற முகத்தை நெருங்கி எடுத்து, கையில் இருக்கிற பிள்ளையின் படத்தை வெட்டிவிடுகிறோம். அவை காட்ட வந்தது அந்தப் பிள்ளையைத்தானே?

"கேட்டுப்போட்டு எடுத்தால் இயல்பு போயிடும்" என்று ஒரு பதில் எப்போதும் வரும். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அப்படியென்றால் எடுத்த பிறகாவது காட்டலாம். பிலிம் காலத்தில் கழுவி எடுக்க நாட்கணக்கு ஆனது. எங்களுக்குப் போனைத் திருப்பிப் பிடிக்கிற நேரம்தான். வேண்டாம் என்றால் அழிக்கலாம். ஒரு கொத்து வாங்குகிற காசில் சில பிரிண்டுகள் போட்டுக் கொண்டுபோய்க் கொடுக்கலாம்.

ஆகவே எங்கள் மூன்று கேள்வியோடு நாலாவதையும் சேர்த்திருக்கிறோம். படத்தில் இருக்கிறவர் இதைப் பார்த்தாரா, என்ன சொன்னார்? உங்கள் நண்பர் அடுத்த முறை படம் காட்டும்போது "செம" சொல்ல முதல் இதைக் கேட்டுப் பாருங்கள். கொஞ்சம் கோவிப்பார், பரவாயில்லை.

அம்மா சிரித்த படம் நல்லகாலம் கார்ட்டில் அழியாமல் இருந்தது. கலரிலேயே போட்டுக் கொண்டுபோனோம். "இது வடிவு. நான் செத்தால் கண்ணீர் அஞ்சலிக்கும் இதையே போடச் சொல்லவேணும்" என்று திரும்பவும் சிரித்தா. அந்தப் படத்தில் அடிவானம் சரிவு, மூலையில் யாரோ ஒருவரின் கால் வேறு. எங்கட முதல் மூன்று கேள்வியிலும் தோற்கிற படம். இப்போது அவவின் வீட்டுச் சுவரில் கலண்டருக்குப் பக்கத்தில் தொங்குகிறது.