கார் ஸ்டீரியோத் திருட்டு ஒழிந்துவிட்டதா?

1980களின் நியூயார்க் நகரத்து உணவகங்களில் ஒரு காட்சி வழக்கமானது. உண்ண வருபவர் கைப்பிடி வைத்த சிறு பெட்டியொன்றைத் தூக்கிவந்து நாற்காலிக்கடியில் வைத்துக்கொள்வார். அது அவரது கார் ஸ்டீரியோ. காரைத் தெருவில் நிறுத்தி இறங்கும்போதே அதை உருவி எடுத்துக்கொள்வது, மழைக்காலத்தில் குடையை எடுத்துக்கொள்வதைப் போல அந்நகரத்தாருக்குப் பழகிப்போயிருந்தது. எடுக்க மறந்தவருக்குத் திரும்பி வரும்போது நடைபாதையில் கண்ணாடித் துகள்களும், டேஷ்போர்டில் ஒரு வெற்றுத் துளையும், அதிலிருந்து தொங்கும் கம்பிகளும் காத்திருக்கும்.

இன்று எவரும் அப்படிப் பெட்டி தூக்குவதில்லை. எனவே அத்திருட்டு ஒழிந்துவிட்டது என்று முடிவு கட்டிவிடலாமா? ஏறக்குறைய ஒழிந்துவிட்டது என்பதே நம் விடை. ஆனால் அது ஒழிந்த விதத்தை ஆராய்ந்தால் நாம் பெருமைப்பட்டுக்கொள்ள அதில் அதிகம் இல்லை என்றே தோன்றுகிறது.

அமெரிக்காவில் மோட்டோரோலா என்ற பெயரில் கார் வானொலி விற்பனைக்கு வந்தது 1930-இல். 1932-இல் ஜெர்மனியின் பிளாபங்க்ட் நிறுவனம் வெளியிட்ட கருவி ஏறத்தாழ 15 கிலோ எடை கொண்டது. ஒரு சிறு காரின் விலையில் மூன்றிலொரு பங்கு அதற்கு ஆயிற்று. அத்தனை பெரிய பொருளை அவசரமாகக் கழற்றிக்கொண்டு ஓடுவது எளிதன்று. டிரான்சிஸ்டர் வந்து கருவி சிறுத்தது. காசெட் வந்து அதன் மதிப்பு கூடியது. ஜெர்மானியத் தர நிர்ணயத்தில் தோன்றிய 180 மில்லிமீட்டர் அகலமும் 50 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட அளவு, 1984-இல் பன்னாட்டுத் தரமாகவும் ஆயிற்று. எந்த நிறுவனத்தின் ஸ்டீரியோவையும் எந்தக் காரிலும் பொருத்தலாம் என்ற இந்த வசதி பயனருக்குக் கிடைத்த பெரும் சுதந்திரம். திருடனுக்கும் அதே சுதந்திரம் கிடைத்தது. ஒரு காரில் உருவியது இன்னொரு காரில் அப்படியே உட்கார்ந்துகொள்ளும் என்றால், அதற்குச் சந்தை தானாகவே உருவாகிவிடும்.

அதன் விளைவை நியூயார்க் கண்டது. 1990-இல் அந்நகரில் களவுபோன கார்கள் மட்டுமே ஏறத்தாழ 1,47,000. காரை விட்டுவிட்டு உள்ளிருந்ததை மட்டும் எடுத்துச் சென்ற திருட்டுகள் இக்கணக்கில் சேரா. மக்கள் 'ரேடியோ இல்லை' என்று அட்டையில் எழுதிக் கார்க் கண்ணாடியில் வைத்தார்கள். தன்னிடம் ஒன்றுமில்லை என்று முகமறியாத ஒருவனிடம் முன்கூட்டியே மன்றாடும் விண்ணப்பம் அது. உருவி எடுக்கக்கூடிய சட்டகம் வந்தது. பிறகு முகப்பை மட்டும் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளும் முறை வந்தது. பேட்டரி இணைப்பைத் துண்டித்தால் இரகசிய எண் கேட்கும் கருவிகளும் வந்தன. ஒவ்வொன்றும் காரின் உரிமையாளர் தலையில் ஒரு புதிய கடமையை ஏற்றியது. முகப்பைக் கழற்ற மறந்தால் குற்றம் அவருடையது என்ற மனநிலையும் கூடவே வளர்ந்தது.

இதில் இழப்பு எவருக்கு என்பதையும் கருத வேண்டும். வீட்டோடு கராஜ் உடையவரின் கார் இரவில் பத்திரமாக இருந்தது. தெருவில் நிறுத்தியாக வேண்டிய வாடகைக் குடித்தனக்காரரின் கார்தான் உடைபட்டது. திருடனுக்குக் கிடைத்தது அற்பத் தொகை. கண்ணாடிக்கும் டேஷ்போர்டுக்கும் காரின் சொந்தக்காரர் அதைவிடப் பன்மடங்கு செலவழிக்க நேர்ந்தது. பழைய காருக்குச் சட்டம் கேட்கும் குறைந்தபட்சக் காப்பீடு மட்டும் எடுத்திருந்தவருக்கு அதில் எதுவும் திரும்பி வராது.

பின்னர் இது எப்படி நின்றது? காவல்துறையின் முயற்சிக்கும் குற்றங்கள் பொதுவாகக் குறைந்ததற்கும் இதில் பங்குண்டு. ஆனால் முதன்மையான காரணம் வேறு. மின்னணுப் பொருட்களின் விலை சரிந்ததால் திருட்டு ஸ்டீரியோவை வாங்குவதில் இலாபம் இல்லாமல் போயிற்று. பாட்டு கைபேசிக்கு இடம் மாறிற்று. 2014-இல் ஆப்பிளின் கார்பிளேயும் 2015-இல் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் வந்தபின் காரின் திரை கைபேசியின் நிழலாயிற்று. அந்தத் திரையும் காரின் உடலோடும் மின்னணு அமைப்போடும் பின்னப்பட்டிருப்பதால் வேறொரு காரில் எளிதில் பொருந்தாது. எனவே திருட்டு ஒழிந்தது என்பதைவிட, திருடுவதற்குரிய பொருள் ஒழிந்தது என்பதே சரி.

முற்றாக ஒழியவும் இல்லை. ஜெர்மனியில் பிஎம்டபிள்யூ போன்ற உயர்விலைக் கார்களிலிருந்து வழிகாட்டித் திரைகளையும் ஸ்டீயரிங் சக்கரங்களையும் நேர்த்தியாகக் கழற்றிச் செல்லும் கும்பல்கள் இந்த நூற்றாண்டிலும் காவல்துறைக்குத் தலைவலியாக இருந்து வந்துள்ளன. பொருள் சிறிது, விலை பெரிது, வாங்க ஆள் உண்டு என்ற மூன்றும் கூடுமிடத்தில் திருட்டும் கூடும்.

காரின் அடிவயிற்றில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரின் கதையும் இதுவே. அதிலுள்ள ரோடியம், பல்லேடியம் ஆகிய உலோகங்களின் விலை ஏறியபோது திருடர்களின் கை டேஷ்போர்டிலிருந்து அடிவயிற்றுக்கு நகர்ந்தது. அமெரிக்கக் காப்பீட்டுத் துறையின் கணக்குப்படி இதற்கான இழப்பீட்டுக் கோரிக்கைகள் 2018-இல் 1,298, 2021-இல் 52,206. சான் பிரான்சிஸ்கோவிலோ பயணிகள் காரில் வைத்துவிட்டுச் செல்லும் பைகளும் மடிக்கணினிகளும் இலக்காயின. 2017-இல் மட்டும் அங்கே 31,000-க்கும் மேற்பட்ட கார்கள் உடைக்கப்பட்டதாகப் பதிவாயிற்று. ஒன்றுமில்லை என்று காட்டுவதற்காகப் பின்கதவைத் திறந்தே வைத்துச் சென்றவர்களும் உண்டு. 'ரேடியோ இல்லை' அட்டையின் மறுபிறவி அது. 2024-இல் இத்தகைய உடைப்புகள் பெரிதும் குறைந்தன என்பது ஆறுதல்.

இங்கேதான் நாம் வலியுறுத்த விரும்பும் கருத்து வருகிறது. பாதுகாப்பை உரிமையாளரின் விழிப்புக்கு விட்டுவிடும்வரை திருட்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும். பொருளைச் செய்பவரும் வாங்குபவரும் பொறுப்பேற்கும்போதே அது குறையும். சரியான சாவியின்றி எஞ்சின் இயங்காதபடி தடுக்கும் இம்மொபிலைசரை ஐரோப்பிய நாடுகள் 1998 முதலும் கனடா 2007 முதலும் புதிய கார்களுக்குக் கட்டாயமாக்கின. அமெரிக்கா கட்டாயமாக்கவில்லை. அங்கே விற்ற 2015-ஆம் ஆண்டு மாடல்களில் பிற நிறுவனங்களின் 96 விழுக்காடு வகைகளில் அது இயல்பாகவே இருந்தது. ஹூண்டாய், கியா வகைகளில் 26 விழுக்காட்டில் மட்டுமே இருந்தது. 2021, 2022-ஆம் ஆண்டுகளில் அவ்விரு நிறுவனங்களின் கார்களைத் திருடும் முறையைச் சிறுவர்கள் காணொளிகளில் பரப்பியபோது நேர்ந்ததை உலகம் அறியும். அந்தக் கார்களை வாங்கியவர்களில் பலர் விலை குறைவு என்பதற்காக வாங்கிய எளியவர்கள். பல நகரங்களில் காவல்துறையினர் அவர்களுக்கு ஸ்டீயரிங் பூட்டுகளை இலவசமாக வழங்கினார்கள். முப்பது ஆண்டுகளுக்கு முன் நியூயார்க்கில் கார்தோறும் கண்ட அதே இரும்புத் தண்டு!

வாங்குபவர் பொறுப்பும் சிறிதன்று. தெருமுனையில் பாதி விலைக்குக் கிடைத்த ஸ்டீரியோ எங்கிருந்து வந்தது என்று கேளாமல் வாங்கியவர்களும் கண்ணாடியை உடைத்த கைக்குத் துணைபோனவர்களே. கலிபோர்னியா 2022-இல் இயற்றிய சட்டங்கள், கழற்றப்பட்ட கன்வெர்ட்டர் எந்தக் காரிலிருந்து வந்தது என்று பதிவுசெய்யும்படி வாங்குபவரைப் பணித்தது இந்த உண்மையை உணர்ந்துதான்.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். பொருளைக் காரோடு பிணைத்துப் பூட்டுவதே தீர்வென்றால், பூட்டின் சாவி உற்பத்தியாளரிடம் அல்லவா போய்ச் சேருகிறது? நியாயமான கேள்வி. பழைய ஸ்டீரியோ பழுதானால் கடைத்தெருவில் வேறொன்று வாங்கி ஒரு மாலைப்பொழுதில் மாட்டிக்கொள்ளலாம். இன்றைய திரை பழுதானால் நிறுவனத்தின் பணிமனையை நாடி அவர்கள் சொல்லும் விலையைக் கொடுத்தாக வேண்டும். திருடனால் எடுக்க முடியாத அப்பொருளை நம்மாலும் எடுக்க முடிவதில்லை. ஆயினும் பாதுகாப்பும் உரிமையும் ஒன்றையொன்று விழுங்கியாக வேண்டிய கட்டாயம் இல்லை. இரகசிய எண் கேட்ட பழைய ஸ்டீரியோ இதற்குச் சான்று. எண்ணை அறிந்த உரிமையாளர் அதை எந்தக் காருக்கும் மாற்றிக்கொள்ளலாம். அறியாத திருடனுக்கு அது வெறும் பெட்டி. அந்த வழியில் தொடர்ந்து சென்றிருக்கலாம், செல்லவில்லை.

ஆகவே, கார் ஸ்டீரியோத் திருட்டு இன்றும் பிரச்சினையா என்று கேட்பவருக்கு, ஸ்டீரியோ இன்று பிரச்சினை இல்லை என்று விடை சொல்வோம். தெருவில் நிற்கும் எளியவரின் கார் இன்னும் பிரச்சினைதான். அவரிடம் எதை மறைத்தாய், எதைக் கழற்ற மறந்தாய் என்று கேட்பதை நிறுத்திவிட்டு, செய்தவரையும் வாங்கியவரையும் நாம் கேட்கத் தொடங்க வேண்டும்.